டிஜிட்டல் பியானோவுக்கு ஒரு சிறிய ஸ்டீரியோ பெருக்கி

கையில் தூக்கிச் செல்லும் அளவில், பேட்டரியில் இயங்கும் ஸ்டீரியோ பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) ஒன்றைக் கட்டுவது இன்று கடினமான வேலை அல்ல. ஆயத்தச் சர்க்யூட் பலகைகள் எளிதில் கிடைக்கின்றன. ஆனால் பாட்டுக் கேட்பதற்குப் போதுமான ஒரு பெருக்கி பியானோவுக்கும் போதுமானதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பதிவு செய்யப்பட்டு வெளியாகும் பாடல்களில் ஒலியின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் முன்பே சமன் செய்யப்பட்டிருக்கும். பியானோவிலோ, சுத்தியல் கம்பியைத் தாக்கும் கணத்தில் ஒலி உச்சத்துக்குப் பாய்ந்து, அடுத்த நொடிக்குள்ளேயே தணியத் தொடங்குகிறது. அந்த உச்சத்தின் திறன் சராசரித் திறனைப் போலப் பத்து மடங்கையும் எளிதாகத் தாண்டும். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், பெருக்கியின் சில்லு (சிப்) எவ்வளவு சூடாகும் என்பவற்றைச் சராசரி தீர்மானிக்கிறது. எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதை உச்சம் தீர்மானிக்கிறது.

மூன்று லித்தியம் அயனிக் கலங்களைத் தொடராக இணைத்தால் பெயரளவில் 11.1 வோல்ட்டும், முழுமையாக ஏற்றிய நிலையில் 12.6 வோல்ட்டும் கிடைக்கும். கணக்குக்காக 12 வோல்ட் என்று கொள்வோம். ஸ்பீக்கரின் ஒரு முனையை மட்டும் இயக்கும் சுற்றில் அலை இரு பக்கமும் 6 வோல்ட் வரைதான் ஏறி இறங்க முடியும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது வெறும் 2.25 வாட். இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் இயக்கும் பாலச் சுற்றில் உச்சம் 12 வோல்ட்டாகிறது. மின்னழுத்தம் இரட்டிப்பதால் திறன் நான்கு மடங்காகி, 8 ஓமுக்கு 9 வாட்டும் 4 ஓமுக்கு 18 வாட்டும் கணக்கில் வருகின்றன. சில்லின் உள்ளிழப்பால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். இந்தச் சுற்றில் ஸ்பீக்கரின் எந்த முனையும் தரைமுனை (கிரவுண்ட்) அல்ல என்பதை மறக்கக் கூடாது: இரு ஸ்பீக்கர்களின் கறுப்பு வயர்களையும் பழைய வழக்கப்படி ஒன்றாகச் சேர்த்துச் சாலிடர் செய்தால், சில்லின் பாதுகாப்புச் சுற்று இயங்கி ஒலி நின்றுவிடும், அத்தகைய பாதுகாப்பு இல்லாத சில்லு எரிந்தே போகும்.

இவ்வளவு சிறிய பெட்டியில் இது சாத்தியமாவது டி வகைப் பெருக்கியால்தான். அதில் டிரான்சிஸ்டர்கள் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ மட்டுமே இருக்கும். இடைநிலையில் நின்று மின்சக்தியை வெப்பமாக்குவதில்லை. பரவலாகப் பயன்படும் டிபிஏ3116டி2 சில்லு நொடிக்கு 4 லட்சம் முறை முதல் 12 லட்சம் முறை வரை இவ்வாறு திறந்து மூடக்கூடியது. உள்ளே வரும் ஒலி அலை உயரும்போது திறந்திருக்கும் நேரம் நீள்கிறது, தாழும்போது குறுகுகிறது; வெளியே உள்ள சுருளும் மின்தேக்கியும் அந்த வேகமான துடிப்புகளை வடிகட்ட, அவற்றின் சராசரியாகிய இசை ஸ்பீக்கரை அடைகிறது. டிரான்சிஸ்டர்கள் இடைநிலையிலும் இயங்கும் பழைய பி வகைச் சுற்று, வாங்கும் மின்சக்தியில் ஸ்பீக்கருக்குத் தரும் பங்கு கோட்பாட்டளவில் 78.5 விழுக்காட்டைத் தாண்டாது. அதுவும் முழு ஒலியில் மட்டுமே கிடைக்கும். பியானோ வாசிப்பின் பெரும்பகுதி அந்த உச்சத்துக்கு வெகு கீழேயே நடப்பதால், வேறுபாடு பேட்டரியில் நன்றாகவே தெரியும். 2.5 ஆம்பியர்-மணிக் கலங்கள் மூன்றில் ஏறத்தாழ 28 வாட்-மணி அடங்கும். சராசரியாக 3 வாட் செலவானால் ஒன்பது மணி நேரம் வாசிக்கலாம்.

அடுத்த சிக்கல் தாழ்ந்த சுரங்கள். 88 கட்டைகளில் இடது ஓரத்துக் கட்டையின் அடிப்படை அதிர்வெண் 27.5 ஹெர்ட்ஸ். அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் அதே அளவு ஒலிக்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும் என்பதால், ஒரு சாண் அகலம்கூட இல்லாத ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. தரவும் வேண்டியதில்லை, 55, 82.5, 110 என்று மேலே அடுக்கப்பட்ட மடங்குகளைக் கேட்டே காது அந்தச் சுரத்தை இனம் காண்கிறது. ஆகவே பேஸ் ஒலியைக் கூட்டும் குமிழைச் சேர்ப்பதை விட, பயனற்ற ஆழத்தை நுழைவாயிலிலேயே வெட்டிவிடுவது நல்லது என்பேன். மேற்சொன்ன சில்லின் பெருக்கத்தை 26 டெசிபெல்லில் வைத்தால் அதன் உள்ளீட்டு மின்தடை 30 கிலோ ஓம். அதன் முன் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால், தாழ்ந்த ஒலி குறையத் தொடங்கும் வெட்டு ஏறக்குறைய 5 ஹெர்ட்ஸில் விழும், 0.1 மைக்ரோஃபாரட் இருந்தால் 53 ஹெர்ட்ஸில் விழும். இந்த ஒரு சிறு மாற்றம் கூம்பை வீண் அசைவிலிருந்து காப்பாற்றுகிறது.

ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது வாட் எண்ணை விட உணர்திறனையே முதலில் பார்க்க வேண்டும். 1 வாட்டுக்கு 1 மீட்டர் தொலைவில் 86 டெசிபெல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 92 தருவதை எடுத்தால், நான்கு மடங்கு திறனுள்ள பெருக்கியை வாங்கியதற்குச் சமம்.

இடது, வலது ஒலித் தடங்களை ஒன்றாக்கி ஒரே ஸ்பீக்கரில் விட்டால் என்ன என்று தோன்றலாம். டிஜிட்டல் பியானோ ஒலிக்கும் மாதிரிகள், அதாவது அதில் சேமித்த உண்மையான பியானோவின் ஒலிப்பதிவுகள், பெரும்பாலும் இரண்டு மைக்குகளால் பதிவானவை. ஒரே சுரம் இரண்டையும் சற்று வெவ்வேறு நேரத்தில் அடைந்திருக்கும். அவற்றைக் கூட்டும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்து, நடுப்பகுதிச் சுரங்கள் வெறுமையாக ஒலிக்கும். எனவே ஒரே பெட்டியானாலும் ஸ்பீக்கர்கள் இரண்டாகவே இருக்கட்டும். நடுவில் காற்றுப் புகாத தடுப்பு ஒன்றும் வேண்டும், இல்லையேல் ஒரு கூம்பின் அழுத்தம் மற்றதைத் தள்ளும்.

பியானோவையும் அதே பேட்டரியில் ஓட்ட நினைத்தால், மின்வழியிலும் ஒலிக் கம்பியிலும் தரைமுனை இருமுறை இணைந்து ஒரு வளையம் உருவாகி, இரைச்சல் புகுந்துவிடும். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே நேரடி மின்தொடர்பு இல்லாத மின்னழுத்த மாற்றி ஒன்றையோ ஒலித் தடத்தில் சிறு மின்மாற்றிகளையோ இடையில் வைத்து அந்த வளையத்தை முறிக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகே ஃபியூஸும், கலங்களைச் சமன் செய்யும் பாதுகாப்புப் பலகையும் கட்டாயம்.

பெட்டியை மூடிய பின், இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டையாக, கறுப்புக் கட்டைகளையும் விடாமல், நிதானமாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். தளர்ந்த திருகும் பெட்டிச் சுவரைத் தொடும் வயரும் ஏதோ ஒரு சுரத்துக்கு மட்டுமே கிணுகிணுக்கும். அந்தக் கட்டையை அழுத்தியபடியே பெட்டியின் பக்கங்களை விரலால் தொட்டுப் பார்த்தால், எந்த இடத்தில் தொடும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.