மனநல சிகிச்சைக்கு அலைகிறீர்களா: யாரைக் கேட்பது, எதை எழுதி வாங்குவது

தமிழ்நாட்டில் மனநல சிகிச்சைக்கு வந்து நிற்கிற குடும்பத்துக்கு முதலில் புரியாமல் போவது, யார் எதற்குப் பொறுப்பு என்பதுதான். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகளும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மாவட்டத் தலைமை மருத்துவமனையும் தாலுகா மருத்துவமனைகளும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழ். மாவட்டத்தில் அதற்குத் தலைவர் இணை இயக்குநர், ஜே.டி. என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை. ஊனச் சான்றிதழுக்குப் பிறகு வரும் உதவிகளுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, மாதாந்திர பென்ஷனுக்கு வருவாய்த்துறை. சிகிச்சை நிலையங்களைப் பதிவு செய்து மேற்பார்வையிட மாநில மனநல ஆணையம். நோயாளியின் உரிமை மீறப்பட்டால் விசாரிக்க மனநல மறுஆய்வு வாரியம்.

இத்தனை கதவு இருப்பதால் ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் கை காட்டும். "இது எங்க டிப்பார்ட்மென்ட் இல்லைங்க" என்ற பதிலை வாயால் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மனு எழுதிக் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் வைக்கத் தயங்குகிற இடத்தில்தான் பெரும்பாலும் வேலை நடக்க வேண்டியிருக்கும்.

சட்டம் எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதற்கு முன் இருந்தது 1987-ஆம் ஆண்டுச் சட்டம், அதில் மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கி ஒருவரைச் சேர்க்கும் வழி இருந்தது. அந்தப் பழைய நினைப்பிலேயே இன்றும் சிலர் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க, சேர்க்கிறோம்" என்பார்கள். நம்பாதீர்கள். நோயாளி தானே சம்மதித்துச் சேரலாம், 86-ஆம் பிரிவு. முடிவெடுக்கும் நிலையில் அவர் இல்லை என்றால் அவருடைய பிரதிநிதி விண்ணப்பிக்கலாம், 89-ஆம் பிரிவு. ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்துவிட்டுச் சேர்க்க வேண்டும். 30 நாள் வரை வைத்திருக்கலாம்.

இந்த 30 நாளில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. முப்பதாவது நாள் வந்ததும் "சட்டப்படி இதுக்கு மேல வைக்க முடியாது" என்று, இன்னும் தெளியாத ஆளை டிஸ்சார்ஜ் செய்து கையில் மாத்திரைக் கவரைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 90-ஆம் பிரிவு, தேவைப்பட்டால் தொடர்ந்து வைத்திருக்கலாம், அதற்கு வாரியத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. வாரியத்துக்கு எழுதுவது ஆஸ்பத்திரியின் வேலை. அந்தக் காகித வேலைக்குச் சோம்பல்பட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்களா, உண்மையிலேயே தெளிந்துவிட்டதா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

பிரதிநிதி என்றதும் பயப்பட வேண்டாம். நோயாளி தெளிவாக இருக்கும் ஒரு நாளில் வெள்ளைத் தாளில், "என் அக்கா இன்னாரை என் பிரதிநிதியாக நியமிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும், அந்த அக்காவும் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முத்திரைத் தாள் கேட்டால் கொடுக்காதீர்கள், சட்டம் கேட்பது வெற்றுத் தாள்தான். அப்படி ஒன்றும் எழுதி வைக்காவிட்டாலும் உறவினரோ கவனித்துக்கொள்பவரோ பிரதிநிதி ஆகலாம். ஆனால் அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு இருக்கிற வீடுகளில் இந்தத் தாள் ரொம்ப முக்கியம். யார் முதலில் ஆட்டோ பிடித்து வருகிறாரோ அவரே உறவினர் என்று ஆஸ்பத்திரி எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது நள்ளிரவு அலைச்சல். பல நாளாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரையும் பக்கத்தில் விடாமல் இருக்கிற ஒருவருக்காக 108-ஐ அழைத்தால் "போலீஸ் வந்தாத்தான் வண்டியில ஏத்துவோம்" என்பார்கள். ஸ்டேஷனுக்குப் போனால் "இது மெடிக்கல் கேஸ், 108-ஐக் கூப்பிடுங்க" என்பார்கள். சட்டத்தின் 100-ஆம் பிரிவில் இதற்குப் பதில் இருக்கிறது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக் கூடியவர் என்று நம்ப இடமிருந்தால், அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அந்த ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கவே கூடாது. தெருவில் சுற்றுகிற ஆதரவற்றவருக்கும் இதுதான் விதி. கூடவே காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். போட்டு குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் பொறுப்பு. ஸ்டேஷனில் குரல் உயர்த்திப் பயனில்லை, "100-ஆம் பிரிவுப்படி உதவி கோருகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், பேச்சு மாறும்.

பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லை என்று தாலுகா ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பினால் 94-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். அவசர நிலையில், பிரதிநிதி உடன் இருந்தால் அவர் சம்மதத்தோடு, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பதும் அதில் அடக்கம்.

சரி, மாத்திரைக்கு வருவோம், மாதா மாதம் படுகிற பாடு இதுதானே. மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996-இல் தொடங்கியது, முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. திட்டத்தின் மனநல மருத்துவர் குறிப்பிட்ட கிழமையில் குறிப்பிட்ட தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவார். அந்தக் கிழமை தெரியாமல் போனால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. கிளம்புமுன் போன் செய்து, டாக்டர் அன்று வருகிறாரா, அல்லது மீட்டிங், முகாம் என்று எங்காவது போகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தகத்தில் "ஸ்டாக் இல்லை, வெளியில வாங்கிக்கோங்க" என்று ஓ.பி. நோட்டில் மருந்துப் பெயரின் மேல் ஒரு வட்டம் போட்டுத் தருவார்கள். அந்த வட்டத்தின் பக்கத்திலேயே "இருப்பு இல்லை" என்று எழுதித் தேதி போட்டுத் தரச் சொல்லுங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மனநல மருந்துகள் அரசு மருத்துவமனையில் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கும் வீடற்றவருக்கும் சிகிச்சை முழுக்க இலவசம், அதுவும் அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரேஷன் கார்டு இல்லாததால் திருப்பி அனுப்பினால் அது சட்ட மீறல். அப்புறம் ஒன்று, மருந்து தீர்ந்த நாளில் போகாதீர்கள். ஒரு வாரம் கையிருப்பு இருக்கும்போதே போங்கள். லித்தியம், குளோசபின் எல்லாம் விட்டு விட்டுச் சாப்பிடுகிற மாத்திரை இல்லை.

சான்றிதழ் விஷயத்தில் ஏமாறுபவர்கள்தான் அதிகம். மனநோயும் ஊனமாகக் கணக்கில் வரும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி. 40 சதவீதம் வந்தால்தான் பெரும்பாலான சலுகை. அளப்பதற்கு ஐடியாஸ் என்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, இந்த நான்குக்கும் மதிப்பெண், நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண். முகாமுக்குக் கூட்டிப் போகிற அம்மா என்ன செய்வார்? பிள்ளையைக் குளிக்க வைத்து, சவரம் செய்யச் சொல்லி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி உட்கார வைப்பார். டாக்டர் "எப்படி இருக்கீங்க" என்றால் அவனும் "நல்லா இருக்கேன் சார்" என்பான். ஐந்து நிமிஷத்தில் 30 சதவீதம் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. யார் எழுப்பிவிடுகிறார், யார் மாத்திரை எடுத்துத் தருகிறார், கடைசியாக எந்த வேலையில் எத்தனை மாதம் இருந்தார், ஏன் நின்றார் என்பதை வீட்டிலிருந்தே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுங்கள். பழைய ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள், வருடக் கணக்குக்கு அதுதான் சாட்சி. தற்காலிகச் சான்று என்றால் முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி தாண்டினால் பென்ஷன் நிற்கும், மறுபடி வாங்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. ஆபீஸில் இரண்டையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி வரும் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும். மனநோய் மட்டும் உள்ளவருக்குக் கிடையாது. பேங்கிலோ தாலுகா ஆபீஸிலோ அந்தச் சான்றைக் கேட்டு உங்களை அலைய விட்டால், இல்லாத ஒன்றைத் தேடி அலைகிறீர்கள்.

தனியார் காப்பகம், போதை மறுவாழ்வு மையம் என்று சேர்க்கும் முன் ஒரே கேள்வி: மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்று எங்கே? 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் செத்த பிறகும் பதிவில்லாத இடங்கள் ஓடுகின்றன. குடிநோய்க்கு என்று சேர்த்தாலும் இந்தச் சட்டம்தான், "நாங்க மனநோய் சென்டர் இல்லை" என்ற சாக்கு செல்லாது. "மூணு மாசம் வந்து பார்க்கக் கூடாது, போன் பேசக் கூடாது" என்பதே எங்கள் விதி என்று சொல்கிற இடத்திலிருந்து ஆளைத் திருப்பிக் கூட்டி வந்துவிடுங்கள். பார்வையாளரைச் சந்திப்பதும் போன் பேசுவதும் நோயாளியின் உரிமை. கட்டாயமாக மொட்டையடிப்பதும் சங்கிலி போடுவதும் குற்றம்.

புகாரை முதலில் அந்த ஆஸ்பத்திரியின் பொறுப்பு மருத்துவரிடம் கொடுங்கள், பிறகு மறுஆய்வு வாரியத்துக்கு எழுதுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. நோயாளி பெயர், எந்த நிலையம், என்ன மீறல், என்ன தீர்வு வேண்டும், உங்கள் முகவரி, இவ்வளவுதான். உள்ளே அடைபட்டிருப்பவர் போனில் சொன்னாலும் அசாதாரணச் சூழலில் வாரியம் ஏற்கலாம். விருப்பமில்லாமல் 89-இல் சேர்த்ததை எதிர்த்தால் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும், மற்ற பெரும்பாலானவற்றுக்கு 90 நாள். வாரியத்தின் அலுவலகம் எங்கே என்று ஜே.டி. ஆபீஸில் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அதனால் மாநில மனநல ஆணையத்துக்கு ஒரு நகலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு நகலும் ஸ்பீடு போஸ்டில் போடுங்கள். இலவச சட்ட உதவி உங்கள் உரிமை, அதற்கான எண் 15100. ஆலோசனைக்கு டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழில் பேசுவார்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆனால் வண்டி அனுப்ப மாட்டார்கள், அதற்காக அங்கே காத்திருக்காதீர்கள். வாரிய உத்தரவு பாதகமாக வந்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக 30 நாள்தான், உத்தரவு உங்கள் கைக்கு வந்த கவரையும் பத்திரமாக வையுங்கள், தபால் முத்திரையில் இருக்கிற தேதி தேவைப்படும்.