ரெப்ளிகா: மடித்தலிலிருந்து வந்த சொல்

வரவேற்பறைச் சுவருக்கென்று விற்கப்படும் பழைய ஐரோப்பிய ஓவியங்களின் கீழே ‘கையால் தீட்டிய ரெப்ளிகா’ என்ற குறிப்பைக் காணலாம். பளபளக்கும் பட்டு மேலங்கியும் லேஸ் கழுத்துப்பட்டையுமாக நிற்கும் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபு ஒருவரின் உருவத்தை, இன்றைய ஓவியர் ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் பார்த்து எழுதியிருப்பார். அது அச்சன்று, கைவேலைதான் என்பதில் பொய்யில்லை. ஆயினும் ஓவியத்துறையினர் இச்சொல்லை ஆளும் கண்டிப்பான பொருளில் அது ரெப்ளிகா ஆகாது.

‘ரெப்ளிகாரே’ என்னும் இலத்தீன் வினைக்குத் திரும்ப மடித்தல் என்பது பொருள். அதிலிருந்து இத்தாலியத்தில் திரும்பச் சொல்லுதல், மறுமொழி கூறுதல் என்ற பொருள்கள் கிளைத்தன. அம்மொழியிலிருந்தே ‘ரெப்ளிகா’ ஆங்கிலத்துக்கு வந்தது. மடிப்பு எப்படித் திரும்ப வருதலானது என்று நாம் வியக்க வேண்டியதில்லை, ஏனெனில் தமிழும் இதே வழியில் நடந்திருக்கிறது. துணியை மடித்தால் ஒன்று இரண்டாகிறது. ஆகவே இருமடங்கு, மும்மடங்கு என்கிறோம். செய்யுளில் வந்த சொல்லே மீண்டும் வந்து வேறு பொருள் தருவதை அணியிலக்கணம் ‘மடக்கு’ என்றே பெயரிட்டு அழைக்கிறது.

ஓவியத்துறையில் ரெப்ளிகா என்பது, மூல ஓவியரே தம் ஓவியத்தை மீண்டும் ஒருமுறை எழுதித் தருவது. பிறர் பார்த்து எழுதினால் அது காப்பி. இந்த வேறுபாடு வெறும் சொல்நுணுக்கம் அன்று என்பதற்கு ஆங்கிலப் பிரபுக்களின் உருவ ஓவியங்களே சான்று. ஆண்ட்வெர்ப்பில் 1599இல் பிறந்த வான் டைக், 1632இல் லண்டன் வந்து முதலாம் சார்லஸ் மன்னரின் அரசவை ஓவியரானார். மன்னர் குடும்பத்தின் படங்களும் பிரபுக்களின் படங்களும் உறவினர் மாளிகைகளுக்கும் அயல்நாட்டு அரசவைகளுக்கும் தேவைப்பட்டதால், ஓர் ஓவியத்துக்குப் பல பிரதிகள் எழுந்தன. சிலவற்றில் அவர் கை முழுமையாக உண்டு. சிலவற்றில் உதவியாளர்கள் உடையை எழுத, முகத்தை மட்டும் அவர் தொட்டு முடித்தார். சிலவற்றில் அவர் கையே இல்லை. முதல்வகைக்கே ரெப்ளிகா என்ற பெயர் தடையின்றிப் பொருந்தும். இடைப்பட்டவற்றைப் பட்டறைப் படி என்று சொல்வதே நேர்மை.

இனித் தமிழுக்கு வருவோம். நாம் அன்றாடம் எதிரெதிராக வைக்கும் அசல், நகல் இரண்டும் அரபு வேர் கொண்டவை. நகல் இன்று ஜெராக்ஸ் கடையோடு ஒட்டிப்போய்விட்டதால் கைவேலையைக் குறிக்க அது மெலிந்து ஒலிக்கிறது. ‘போலி’ என்பதும் உதவாது. போல் என்ற வேரிலிருந்து வந்த அச்சொல், இலக்கணத்தில் அறம் என்பதை அறன் என்று எழுதுவது போன்ற ஏற்கத்தக்க மாற்றத்தைக் குறிக்கிறது; கடைத்தெருவிலோ ஏமாற்றுப் பொருளாகிவிட்டது. கைக்கடிகார வணிகத்தில் ரெப்ளிகாவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது.

எஞ்சுவது ‘படி’. ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தார்கள். கல்வெட்டிலிருந்து மைப்படி எடுக்கிறார்கள். ஓவியத்தையும் ‘எழுதுதல்’ என்பது தமிழ் வழக்காதலால் படியோவியம் இயல்பாகவே அமைகிறது. கைவேலை என்பதை அழுத்த விரும்பினால் ‘கைப்பட எழுதிய படி’ எனலாம்; ‘கையெழுத்துப்படி’ வேண்டாம், அதற்கு நூலுலகில் வேறு பொருள் இருக்கிறது. ஓவியர் தாமே மீண்டும் எழுதியதற்குத் ‘தற்படி’ என்பதை என் பரிந்துரையாக வைக்கிறேன். மூலத்துக்கு முதலோவியம்.

முதல் என்றவுடன் வழி நினைவுக்கு வரும். முதல்நூலைத் தழுவி, வேண்டிய இடத்தில் வேறுபட்டு எழுந்தது வழிநூல். ஓவியத்திலும் அப்படி ஒரு வழி உண்டு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில், ஸ்டூவர்ட் குடும்பத்துச் சகோதரர்களான ஜான், பெர்னார்ட் பிரபுக்களை வான் டைக் 1638 அளவில் எழுதிய பெரிய ஓவியம் இருக்கிறது. இளையவர் இடுப்பில் கைவைத்துப் பாதி திரும்பி நின்று, தோளுக்கு மேலாக நம்மைப் பார்க்கிறார். பின்தள்ளிய நீல மேலங்கியின் வெள்ளிநிற உட்புறம் வெளிச்சத்தில் மின்னுகிறது. ஆங்கில உள்நாட்டுப் போரில் மூத்தவர் 1644இலும் இளையவர் 1645இலும் மன்னர் பக்கம் நின்று மடிந்தனர்.

அந்தப் பட்டின் மின்னல்தான் படியெடுப்பவரைச் சிக்கவைக்கும் பொறி. முதலோவியர் விரைவாக இழுத்துவிட்ட ஒற்றைத் தூரிகைக் கோட்டை, பின்வருபவர் அதன் விளிம்பை அளந்து மெதுவாக எழுதுகிறார். உருவம் அப்படியே வருகிறது, வேகம் வருவதில்லை. எனினும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதே ஓவியத்தைப் படியெடுத்தவர், வான் டைக்கைப் போற்றிய ஆங்கில ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ. அவருடைய படி இப்போது அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதனடியில் ரெப்ளிகா என்று எழுதினால் பிழை. ‘வான் டைக் வழி, கெய்ன்ஸ்பரோ எழுதியது’ என்றால் இருவர் கையும் சரியாகச் சொல்லப்பட்டுவிடும். வரவேற்பறைப் படத்துக்கும் இதே வாய்பாடு போதும், எழுதியவர் பெயரை மறைக்காமல் இட்டால்.