பனோரமா: அகலப்படமா, சுற்றுப்படமா?

பழைய மகாபலிபுரம் சாலையில் அடுக்குமாடி வீடு பார்க்கப் போன நண்பருக்குத் துணையாகப் போயிருந்தேன். பதினான்காவது மாடி. படுக்கையறையின் ஒற்றை ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டு, "பனரோமிக் வியூ சார்" என்றார் விற்க வந்தவர். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழத்துக்குக் கடல் தெரிந்தது. நண்பருக்கு விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டு.

பனோரமா, பனரோமா, பேனரோமா என்று மூன்று விதமாக எழுதுகிறோம். மூலத்துக்குப் பக்கத்தில் இருப்பது பனோரமா. 'பான்' என்றால் எல்லாம், 'ஹொராமா' என்றால் காட்சி. வேர்கள் கிரேக்கம்தான், ஆனால் பழங்கிரேக்கர் யாரும் இந்தச் சொல்லைப் பேசியதில்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு வியாபாரத்துக்காகச் செய்த சொல் இது.

வியாபாரி ஓர் ஓவியர். பெயர் ராபர்ட் பார்க்கர், அயர்லாந்துக்காரர், எடின்பரோவில் இருந்தவர். நடுவில் நிற்பவரைச் சுற்றி முழு வட்டமாக ஓவியத்தை மாட்டும் முறைக்கு 1787-இல் காப்புரிமை வாங்கினார். அதில் அவர் வைத்த பெயர் பிரெஞ்சு மொழியில் இருந்தது, 'ஒரே பார்வையில் இயற்கை' என்கிற பொருளில். நீளமான பெயர் எடுபடவில்லை போலும், நாலைந்து வருடத்தில் விளம்பரங்களில் பனோரமா வந்துவிட்டது. 1793-இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே ஒரு வட்டக் கட்டடம் எழுந்தது. காசு கொடுத்து உள்ளே போனால் நடு மேடையில் நிற்கலாம். வெளிச்சம் மேலிருந்து விழும். ஓவியத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் கண்ணில் படாமல் மறைத்திருப்பார்கள். பக்கவாட்டில் விளிம்பே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டம் தெரியக்கூடாது என்பதுதான் அவருடைய உத்தி.

ஒரு ஜன்னல் வழியாகப் பனோரமா பார்க்க முடியாது என்று நான் நண்பரிடம் சொன்னது இதை வைத்துத்தான். ஜன்னலே ஒரு சட்டம். வீட்டை அவர் வாங்கவில்லை. அதற்குக் காரணம் என் சொல்லாராய்ச்சி இல்லை, வங்கிக் கடன்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் அந்தக் கூடங்களுக்குப் போயிருக்கிறது. 1799 மே மாதம் திப்பு சுல்தான் கொல்லப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. மறு வருடமே ராபர்ட் கெர் போர்ட்டர் என்பவர் அந்த முற்றுகையை 100 அடிக்கு மேல் நீளமான, வளைவான ஓவியமாக வரைந்து லண்டனில் காட்டினார். சென்னைப் படையின் தளபதி ஜெனரல் ஹாரிஸ் நடத்திய போர், இங்கே ஓய்ந்த சூட்டோடு அங்கே டிக்கெட் போட்டு ஓடியது. புகைப்படம் என்ற ஒன்றே அப்போது பிறக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சொல் பிறகு குட்டி போட்டது. 1822-இல் பாரிஸில் டாகேர் 'டயோரமா' என்ற ஓவியக் காட்சிக் கூடத்தைத் திறந்தார், பின்னாளில் டாகேரோடைப் புகைப்பட முறையைக் கொடுத்த அதே டாகேர். 1844 வாக்கில் மார்ட்டென்ஸ் என்பவர் லென்ஸ் சுழலும் கேமரா ஒன்றைச் செய்து பாரிஸ் நகரை 150 பாகை அளவுக்கு ஒரே தகட்டில் எடுத்தார். சினிமா வந்த பிறகு பனோரமாவின் தலையை மட்டும் வெட்டி 'பேன்' என்று வைத்துக்கொண்டார்கள். கோடம்பாக்கத்தில் "லெஃப்ட்லேர்ந்து ரைட் பேன் பண்ணுப்பா" என்று சொல்கிறார்களே, அது கேமராவை நின்ற இடத்திலேயே திருப்பச் சொல்வது. சொல் சுருங்கினாலும் பொருள் கெடவில்லை: இடம் மாறாதே, திரும்பு.

தமிழில்தான் அந்தத் திரும்புதல் காணாமல் போய்விட்டது. பரந்த காட்சி, அகன்ற காட்சி, அகலப்படம் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறோம். மூன்றும் படத்தின் வடிவத்தைச் சொல்கின்றன, எடுத்த விதத்தைச் சொல்லவில்லை. ஒரே சொடுக்கில் எடுத்த படத்தின் மேலும் கீழும் வெட்டிவிட்டால் அதுவும் அகலப்படம்தான். அதைவிட, மயிலாப்பூரில் போய்ப் பாருங்கள். கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி. சன்னதித் தெருவில் பின்னால் தள்ளிப் போக இடமில்லாமல், கீழிருந்து மேலாக ஐந்து படம் எடுத்து இணைப்பார்கள். கைபேசியில் அதற்கும் பெயர் பனோரமாதான். ஒல்லியாக உயர்ந்து நிற்கும் அந்தப் படத்தை அகலப்படம் என்று எப்படிச் சொல்வது?

நேர் மொழிபெயர்ப்பு வேண்டும் என்றால் முழுக்காட்சி. ஆனால் காட்சி என்ற சொல்லை நாம் தியேட்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். மாலைக் காட்சி, இரவுக் காட்சி வரிசையில் முழுக்காட்சியும் போய் உட்கார்ந்துகொள்கிறது.

என் ஓட்டு 'சுற்று' என்ற சொல்லுக்கு. சுற்றுலா, சுற்றறிக்கை, சுற்றுச்சூழல் எல்லாம் நாக்கில் பழகிவிட்டன, இதுவும் பழகும். பரங்கிமலைப் படியேறி மேலே நின்று, விமான நிலையம் தொடங்கி ஒரு வட்டம் திரும்பிப் பார்க்கிறீர்களே, அது சுற்றுக்காட்சி. அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு வந்தால் சுற்றுப்படம். காட்சிக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று இரண்டு சொல் கிடைப்பது தமிழில் கூடுதல் வசதி, மூலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். கோபுரப் படத்துக்கும் இது பொருந்தும். அங்கும் கேமரா ஓர் அச்சில் சுழலத்தான் செய்கிறது, படுக்கை அச்சில். 'ரீல் சுத்துறான்' என்று கேலி செய்வார்கள் என்றார் ஒருவர். செய்யட்டும்.

சரி, சொல்லில் சுற்று இருந்தால் என்ன லாபம்? எப்படி எடுப்பது என்பதற்கான முதல் விதி சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுற்ற வேண்டியது கேமரா. நாம் என்ன செய்கிறோம்? கையை நீட்டிக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உடம்போடு திரும்புகிறோம். அப்போது அச்சு நம் முதுகெலும்பு. கேமரா இரண்டடி தள்ளி ஒரு வட்டத்தில் ஊர்வலம் போகிறது, ஒவ்வொரு படமும் வேறு வேறு இடத்திலிருந்து எடுத்ததாகிவிடுகிறது. கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடுங்கள். விரல் குதிக்கும், பின்னால் உள்ள சுவர் அசையாது. பள்ளியில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து வாசித்தால் வாத்தியார் திட்டுவாரே, இடமாறு தோற்றப் பிழை என்று, அதேதான். தூரத்துக் கடல் பிசகாமல் சேரும், பக்கத்துக் கைப்பிடிச் சுவர் சேராது. முறையாகச் செய்பவர்கள் முக்காலியில் ஒரு தண்டு பொருத்தி, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை தோன்றுகிற இடம் சரியாகச் சுழலச்சில் வரும்படி கேமராவைப் பின்னுக்கு இழுத்து வைப்பார்கள். கையில் எடுப்பவர்கள் கைபேசியை நெஞ்சோடு ஒட்டி வைத்து, அதைச் சுற்றித் தாங்கள் நகர்ந்தாலே பாதிப் பிழை போய்விடும்.

அப்புறம் வெளிச்சம். மெரினாவில் காலை ஏழு மணிக்குக் கடல் பக்கம் சூரியன் கண்ணைக் குத்தும், சாலைப் பக்கம் பல்கலைக்கழகக் கட்டடங்கள் மிதமான வெயிலில் இருக்கும். கேமராவைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வெளிச்சம் வைத்து, வானம் பட்டை பட்டையாக வரும். ஏதோ ஒரு நடுத்தரமான இடத்தில் அளவைப் பூட்டிவிட்டுச் சுற்ற வேண்டும். பெரும்பாலான கைபேசிகளில் திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் பூட்டு விழும். லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், வானத்தின் ஒரு மூலையை மட்டும் மை பூசினதுபோல் கறுப்பாக்கிவிடும்.

அடுத்தது இணைப்பது. இதற்கு நம் புகைப்படக்காரர்கள் 'ஸ்டிச் பண்றது' என்கிறார்கள், ஆல்பம் போடுகிறவர்கள் 'ஜாயின் பண்றது' என்கிறார்கள். தைத்தல் என்று எழுதலாம், தப்பில்லை. ஆனால் பொத்தானையும் தைக்கிறோம், செருப்பையும் தைக்கிறோம். இரண்டு ஓரங்களைச் சேர்ப்பதற்கென்றே ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது, அதை நான் திருவல்லிக்கேணியில் நடைபாதையில் மிஷின் போட்டிருக்கும் ஒரு தையல்காரரிடம் கேட்டேன். கட்டம் போட்ட புதுக் கைலியை நீட்டினேன். "மூட்டணுமா தம்பி?" என்றார்.

மூட்டுதல். கடையில் வாங்கும் கைலி நீளத் துணி. இரண்டு முனையையும் மூட்டினால்தான் இடுப்பைச் சுற்றும் குழாயாகும். அவர் முனைகளை விளிம்போடு விளிம்பு வைக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி, இப்படியும் அப்படியும் நகர்த்தி, கட்டத்தோடு கட்டம் பொருந்துகிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஓரத்துல ரெண்டு விரக்கடை ஏத்தி வெச்சாதான் தம்பி கட்டம் சேரும். நுனியில புடிச்சா மூட்டு தெரிஞ்சிடும்."

ஒரு மென்பொருள் செய்வதும் இதைத்தான். அடுத்தடுத்த படங்கள் கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்பது அந்த இரண்டு விரற்கடை. ஏறிய பகுதியில் இரு படத்துக்கும் பொதுவான மூலைகளை, புள்ளிகளைத் தேடி எடுத்து, அவை சேரும்வரை படங்களைத் திருப்பி வளைத்து, கடைசியில் மூட்டு தெரியாமல் நிறத்தைக் கலக்கும். மனிதர் உதவியின்றி அந்தப் புள்ளிகளைத் தானே கண்டுபிடித்துப் படங்களை வரிசைப்படுத்தும் வழியை வான்கூவரில் மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும் 2003-இல் காட்டினார்கள். காசில்லாமல் கிடைக்கும் ஹகின் என்ற மூட்டும் மென்பொருள், ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மன் பேராசிரியர் எழுதிய நிரல்களின் மேல் கட்டப்பட்டது. மெரினாப் படத்தை மூட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அலைமேல் விழுந்த புள்ளிகளை நீக்கிவிட வேண்டும். அடுத்த படம் எடுப்பதற்குள் அந்த அலை போய்விட்டது, அந்தப் புள்ளியை நம்பினால் கரையே கோணிக்கொள்ளும்.

360 பாகையும் எடுத்தால் படத்தின் வலது முனை இடது முனையோடு சேரும். அதாவது மூட்டிய கைலி. அதைப் பிரித்துத் தட்டையாக விரிக்கும்போதுதான் நேர்க்கோடுகள் வளைகின்றன. 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையை எதிர்ச் சாலையோரத்தில் நின்று சுற்றிப் பிடித்தால், நீண்ட வெள்ளைக் கட்டடம் நடுவில் தொப்பை போட்டு இரு பக்கமும் ஒடுங்கும். மென்பொருளின் பிழை என்று நினைத்து நான் ஒரு மாலை முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். உருளையை விரித்தால் அப்படித்தான் வரும்.

என் வரையறைக்குள் அடங்காத ஒன்றும் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலின் விமான அடிப்பீடத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் படம் எடுத்தார். 1858-இல் 21 படங்களை மூட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். அதையும் பனோரமா என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர் நின்ற இடத்தில் திரும்பவில்லை. கேமராவைத் தூக்கித் தூக்கிச் சுவரையொட்டி நகர்ந்தார். பார்க்கர் முறையில் நாம் நடுவில் நிற்கிறோம், உலகம் சுற்றி இருக்கிறது. டிரைப் முறையில் கோயில் நடுவில் நிற்கிறது, நாம் சுற்றுகிறோம். இதை நெடும்படம் என்று பிரித்துச் சொல்லலாம் என்று தோன்றுகிறது, சுற்றியவர் வெள்ளைக்காரக் கேப்டனாக இருந்தாலும்.

திரைப்பட விழாவின் 'இந்தியன் பனோரமா' பிரிவைப் போல் பெயராகவே ஆகிவிட்டதை மாற்ற வேண்டியதில்லை. மற்ற இடங்களில் சுற்றுப்படம் என்று எழுதுகிறேன், நடுவில் வல்லின ஒற்று உண்டு.

கைலியைத் திரும்ப வாங்கப் போனபோது, நண்பர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்திருந்த என் சுற்றுப்படத்தைத் தையல்காரரிடம் காட்டினேன். சேப்பாக்கம் மைதானத்தின் விளக்குக் கம்பங்கள், கடல், கலங்கரை விளக்கம், பார்த்தசாரதி கோயில் கோபுரம், எல்லாம் ஒன்பது படத்தில். கடலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தின் ஓரத்துக்குப் போனார். கேமராவுக்கு மூன்றடியில், கொடியில் ஒரு கைலி காய்ந்துகொண்டிருந்தது.

"இங்க கட்டம் சேரலையே தம்பி" என்றார்.