சந்தேகத்துக்கு நிமோனியா கோடு போடாதீர்கள்

இந்த வாரம் மெடிக்கல் கோடிங் ஆடிட்டுக்கு வந்த மார்பு எக்ஸ்ரே ஃபைல்களிலும் அதே தவறு. எடுக்கச் சொன்ன காரணம் "இருமல், காய்ச்சல், ரூல் அவுட் நிமோனியா", அதாவது நிமோனியா இருக்கிறதா இல்லையா என்று பார்க்க. கீழே இம்ப்ரஷனில், அதாவது ரிப்போர்ட்டின் முடிவில், நுரையீரல் தெளிவாக இருப்பதாக ரேடியாலஜிஸ்ட் எழுதிவிட்டார். இன்சூரன்ஸ் பில்லுக்காக நோயைக் குறியீடாக (கோடு) மாற்றும் கோடரோ நிமோனியாவுக்கான ஜே18.9 போட்டு அனுப்பியிருக்கிறார். இல்லாத நிமோனியாவுக்கு ஒரு கோடு.

கேட்டால், "அறிகுறியைப் போட்டால் க்ளெயிம் டினை ஆகிவிடும், நோயைப் போட்டால்தான் பணம் வரும்" என்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இருமலுக்கும் காய்ச்சலுக்கும்தானே டாக்டர் படம் எடுக்கச் சொன்னார்? ஆர்05.9, ஆர்50.9 இரண்டும் அதற்காகவே இருக்கின்றன. அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் (நோய்க் குறியீட்டுத் தொகுப்பு) வழிகாட்டுதல், நான்காம் பிரிவில், புறநோயாளிக்குச் சந்தேக நோயைக் கோடு செய்யக் கூடாது என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. "ப்ராபபிள்", "சஸ்பெக்டட்" மட்டுமல்ல, "கன்சிஸ்டன்ட் வித்" (அதோடு ஒத்துப்போகிறது) என்று எழுதியிருந்தாலும் அது சந்தேகம்தான்.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். உள்நோயாளியின் மருத்துவமனை பில்லில், டிஸ்சார்ஜ் வரை சந்தேகமாகவே இருந்த நோயையும் இருப்பதாகக் கோடு செய்யலாம். அந்தப் பழக்கத்தோடு ரேடியாலஜிக்கு வருகிறவர்கள்தான் அதிகம் வழுக்குகிறார்கள். நோயாளி வார்டில் இருந்தாலும், படத்தைப் படித்துச் சொல்லும் ரேடியாலஜிஸ்டின் பில்லுக்குப் புறநோயாளி விதிதான்.

நீங்கள் போடும் கோடு அந்த மனிதரின் பதிவில் தங்கிவிடும். நிமோனியாவை விடுங்கள். "ரூல் அவுட் புற்றுநோய்" என்று வந்த சிடி ஸ்கேனுக்கு நுரையீரல் புற்றுநோய்க்கான சி34.90 போட்டால் என்ன ஆகும்? நுரையீரலில் ஒற்றை முடிச்சு மட்டும் தெரிந்தால் ஆர்91.1, அவ்வளவுதான்.

தயவுசெய்து இம்ப்ரஷனைப் படித்துவிட்டுக் கோடு போடுங்கள். நோய் உறுதியானால் அதையே போடுங்கள், அறிகுறியோடு நிற்பதும் தவறுதான். அப்புறம், சிபிடி (செய்த பரிசோதனைக்கான கோடு) பக்கமும் கொஞ்சம் கவனம் வேண்டும். மார்பு எக்ஸ்ரேயில் ஒரு வியூவுக்கு (படமெடுத்த கோணத்துக்கு) 71045, இரண்டுக்கு 71046; எத்தனை வியூ என்பதை ரிப்போர்ட்டின் உள்ளே பாருங்கள். மார்பு சிடியில், படம் தெளிவாகத் தெரியக் கொடுக்கும் கான்ட்ராஸ்டை வாயால் மட்டும் குடித்தவருக்கு 71250தான். ரத்தக் குழாயில் ஏற்றியிருந்தால் மட்டும் 71260. அறிகுறியோடு வந்தவருக்கு 71271 போடாதீர்கள், அது அறிகுறி இல்லாதவர்களுக்கான நுரையீரல் புற்றுநோய் ஸ்கிரீனிங். ரிப்போர்ட் தெளிவாக இல்லையா? ஊகிக்காமல் டாக்டருக்குக் கொயரி அனுப்புங்கள். க்ளெயிம் ஒரு நாள் தள்ளிப் போனால் பரவாயில்லை.