பொஹீமியன்: ஒரு சொல், மூன்று ஆட்கள்

பொஹீமிய அரசர், பொஹீமியன் வாழ்க்கை, பொஹீமியன் பாவாடை. சொல் ஒன்றுதான், குறிக்கும் பொருள்தான் வேறு வேறு. முதலாவது ஊர், இரண்டாவது போக்கு, மூன்றாவது குஞ்சம் வைத்த துணி. இடையில் இன்னொரு பொருளும் உண்டு, அது ஓர் இனத்தின் மேல் ஒட்டவைத்த பெயர். தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது அந்த இடத்தில்தான்.

முதலில் ஊர். பொஹீமியா என்பது இன்றைய செக் குடியரசின் மேற்குப் பகுதி. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, தலைநகர் பிராக் உட்பட. கெல்டிக் இனக்குழுவான போயி மக்கள் பழங்காலத்தில் அங்கே வாழ்ந்தார்கள். பெயரின் பின்பாதி, வீடு என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல். இன்றைய ஜெர்மன் ஊர்ப் பெயர்களின் கடைசியில் வரும் 'ஹைம்', ஆங்கிலத்தின் 'ஹோம்' இரண்டும் அதன் வழிவந்தவை. ஆக, 'போயிகளின் வீடு'. கி.பி. 98-இல் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதும்போதே குடியிருந்தவர்கள் மாறிவிட்டார்கள், பெயர் மட்டும் நிற்கிறது என்று குறிப்பிடுகிறார். ஆறாம் நூற்றாண்டையொட்டி அங்கே குடியேறிய ஸ்லாவியர்களின் வழித்தோன்றல்களான செக் மக்கள் தங்கள் நிலத்தைச் 'செஹி' என்கிறார்கள். பொஹீமியா என்பது அயலார் வைத்த பெயர்.

இப்போது இனம். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமா மக்கள் மேற்கு ஐரோப்பாவுக்குள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் சிலரிடம் சிகிஸ்மண்ட் மன்னர் கொடுத்த பயணக் காப்புக் கடிதம் இருந்தது. அவர் பின்னால் பொஹீமியாவுக்கும் அரசரானவர். பிரெஞ்சுக்காரர்கள் இவர்களை 'பொஹேமியான்' என்று அழைத்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான். 1427 ஆகஸ்டில் பாரிஸ் வாசலுக்கு வந்த கூட்டமோ தங்களை எகிப்தியர் என்று சொல்லிக்கொண்டது. ஆங்கில 'ஜிப்சி', ஸ்பானிய 'ஹித்தானோ' இரண்டும் அந்த எகிப்திலிருந்து பிறந்தவை. உண்மையில் அவர்கள் பொஹீமியரும் இல்லை, எகிப்தியரும் இல்லை. தண்ணீருக்குப் 'பானி', மனிதனுக்கு 'மனுஷ்', ஒன்று இரண்டுக்கு 'யேக், துய்' என்கிற ரோமானி மொழியைக் கேட்டாலே வேர் வட இந்தியா என்பது புரிந்துவிடும்.

மூன்றாவது ஆள் கலைஞன். 19-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் படைப்பாளிகளைத் தாங்கிய பிரபுக்கள் போய்ச் சந்தை வந்தது. ஓவியத்தை விற்றால்தான் சாப்பாடு, விற்கும்வரை கடன். நிலையான வேலையும் நிலையான முகவரியும் இல்லாத இளைஞர்களை, ரோமா மக்களைப் பற்றி ஊர் வைத்திருந்த எண்ணத்தோடு ஒப்பிட்டு 'பொஹேம்' என்றார்கள். இந்த வழக்கைப் பரப்பியவர் ஆன்றி முர்ஜே. 1840-களில் பத்திரிகையில் எழுதிய கதைகளை 1851-இல் நூலாக்கினார். அதன் முன்னுரையில் பொஹேமைக் கலைவாழ்க்கையின் பயிற்சிக் காலம் என்கிறார். அங்கிருந்து போகும் வழி கலைக்கழகத்துக்கோ, மருத்துவமனைக்கோ, பிணவறைக்கோதான் என்றும் சொல்கிறார். கேலிதான், ஆனால் முழுக்கக் கேலியில்லை. அவர் 1861-இல் இறந்தபோது வயது 38. இதே நூலிலிருந்து புச்சீனி அமைத்த இசைநாடகம் 1896-இல் டூரின் நகரில் அரங்கேறியது. முதல் காட்சியிலேயே குளிர் தாங்காமல் கவிஞன் தன் நாடகக் கைப்பிரதியை அடுப்பில் போடுகிறான். பொஹீமியன் என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்த ஒரு காட்சி போதும்.

பிரெஞ்சு இந்த ஆட்களைப் பிரித்தே வைக்கிறது. நாட்டின் பெயரில் 'ஏ' ஒலி எழுத்தின் தலையில் கூரைக்குறி, கலைஞர் வாழ்க்கையைச் சொல்லும்போது சாய்கோடு. ஜெர்மனில் ஊர்க்காரருக்கு ஒரு சொல், கலைஞருக்குப் பிரெஞ்சிலிருந்து எடுத்த வேறொரு சொல். செக் மொழியில் கலைஞர் 'பொஹேம்', நாட்டவர் 'செக்'. ஆங்கிலம்தான் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டியது. நமக்குச் சொல் ஆங்கிலம் வழியாக வந்ததால் குழப்பமும் கூடவே வந்துவிட்டது.

பிஸேவின் 'கார்மென்' இசைநாடகத்தில் (1875) புகழ்பெற்ற ஒரு வரி வருகிறது. அதைக் 'காதல் பொஹீமியாவின் குழந்தை' என்று பெயர்த்தால் பிராக் நகரம்தான் கண்முன் வரும். அங்கே பொருள் ரோமா: 'காதல் ஒரு ஜிப்சிக் குழந்தை, சட்டம் தெரியாதது'. பழைய நூல் என்பதால் அங்கே ஜிப்சி என்றே எழுதலாம். இன்றைய மக்களைப் பற்றிய கட்டுரையில் ரோமா என்றே எழுத வேண்டும். 1971-இல் கூடிய அவர்களுடைய முதல் உலக மாநாடு ஏற்ற பெயர் அது. 'நரிக்குறவர்' என்று பெயர்ப்பது சுத்தத் தவறு. அவர்கள் பேசும் வாக்ரிபோலியும் வடக்கு வழி மொழிதான், ஆனால் மக்கள் வேறு.

கலைஞரைக் குறிக்கத் தமிழில் என்ன? அகராதிகள் உடனே நீட்டுவது 'நாடோடி'. முர்ஜேயின் ஆட்கள் பாரிஸின் 'இலத்தீன் குடியிருப்பு' வட்டாரத்தைத் தாண்டுவதே அரிது, அவர்களா நாடோடிகள்? போதாததற்கு, தமிழில் நாடோடிப் பாடல், நாடோடிக் கதை என்றால் நாட்டார் வழக்கு. 'நாடோடி ஓவியர்' என்று எழுதினால் வாசகர் எதை நினைப்பார்? 'தான்தோன்றி'யில் வசை இருக்கிறது. 'ஊதாரி' பணத்தோடு நின்றுவிடுகிறது. 'கட்டற்ற' நல்ல சொல், ஆனால் மென்பொருள்காரர்கள் முந்திக்கொண்டார்கள். பாணர் என்பாரும் உண்டு. பாணருக்குப் புரவலர் இருந்தார், சமூகத்தில் இடம் இருந்தது. பொஹீமியனுக்கு இல்லாதவை இந்த இரண்டும்தான். 'சித்தன் போக்கு சிவன் போக்கு' என்பதில் தொனி கச்சிதம், ஆனால் ஆளுக்குப் பெயராக நிற்காது.

எங்கள் தேர்வு 'விட்டேற்றி'. ஒட்டுறவு இல்லாதவர் என்பது பொருள். பேச்சில் 'விட்டேத்தியாப் பதில் சொன்னான்' என்னும்போது அக்கறையின்மை தலைகாட்டும். அதனால் 'விட்டேற்றிக் கலைஞர்' என்று சேர்த்து எழுதுவது பாதுகாப்பு. வாழ்க்கையைச் சொல்லும்போது பெயர்ச்சொல்லே தேவையில்லை, விரித்துவிடலாம். 'இருபதுகளில் பாரிஸில் நாடோடி வாழ்க்கை வாழ்ந்தார்' என்றால் ஊர் ஊராக அலைந்ததாக ஆகிவிடும். 'இருபதுகளில் பாரிஸில் எழுத்தும் கடனும் நண்பர்களுமாக, யாருக்கும் கட்டுப்படாமல் வாழ்ந்தார்' என்றால் வேலை முடிந்தது.

துணிக்கடைப் பொருளுக்குத் தமிழ் தேட வேண்டாம். 'போஹோ' என்பதே அங்கே வணிகப் பெயர், அப்படியே விடலாம். அரசருக்கும் கண்ணாடிப் பொருளுக்கும் 'பொஹீமிய' என்ற பெயரடை. 'ஹ' வேண்டாம் என்பவர்கள் 'பொகீமிய' என்று எழுதினாலும் ஒலி கெடாது. முதலெழுத்தை மட்டும் நெடிலாக்கி 'போகீமியன்' என்று எழுதினால் 'போகி' எட்டிப் பார்க்கிறான். சுகபோகத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, அடுப்பில் கைப்பிரதி எரித்தவனுக்குப் போகம் ஏது?