நடுத்தர செடான் வாங்குவோர் கவனத்துக்கு: ஒரு இன்சூரன்ஸ் சர்வேயரின் குறிப்புகள்

விபத்தில் நொறுங்கிய கார்களையும் வெள்ளத்தில் மூழ்கிய கார்களையும் பார்த்து இழப்பை மதிப்பிடுவது என் தொழில். நல்ல நிலையில் இருக்கும் கார் என் கண்ணில் படுவதே அரிது. இருந்தும் உறவுக்காரர்களும் நண்பர்களும் கார் வாங்கும் முன் என்னிடம் வந்து, "சிட்டி நல்லதா, வெர்னா நல்லதா?" என்று கேட்கிறார்கள். எதை வாங்கினாலும் பெரிய தவறில்லை என்பதுதான் என் பதில். இந்த வகையில் மோசமான மாடல் என்று ஒதுக்கத்தக்கது இன்று அநேகமாக இல்லை. மோசமான வரலாறு கொண்ட தனித்தனி வண்டிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நடுத்தர செடான் என்று நான் சொல்வது 4 மீட்டருக்கு மேல் நீளமும் தனி டிக்கியும் உள்ள வண்டிகளை: ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், 2025இல் விற்பனை நிறுத்தப்பட்ட மாருதி சியாஸ். ஐந்து பேர் குடும்பம் திருச்செந்தூர் போய் வரும் அளவுக்கு, 500 லிட்டருக்கு மேல் டிக்கி இடம் எல்லாவற்றிலும் உண்டு. நெடுஞ்சாலையில் தரையோடு ஒட்டி ஓடும் சுகமும் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் அவர்களையும் ஷோரூமுக்கு அழைத்துப் போய்ப் பின்னிருக்கையில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுந்திருக்க முடியாதவருக்கு எத்தனை ஏர்பேக் இருந்தும் பயனில்லை.

ஊர் முழுக்க எஸ்.யூ.வி. மோகத்தில் இருப்பதால் பழைய செடான்களின் விலை அவற்றின் தரத்துக்குக் குறைவாகவே இருக்கிறது. வாங்குபவருக்கு இது நல்ல காலம்.

புதிய வண்டியின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். முன்பு செஸ்ஸையும் சேர்த்து 45 சதவீதமாக இருந்தது. குறைந்தது உண்மைதான், ஆனால் சிறிய கார்களுக்கான 18 சதவீதம் இவற்றுக்குக் கிடையாது. அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பர் மாற்றத்துக்குப் பிறகு 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். 12 லட்சம் ரூபாய் வண்டிக்கு இது மட்டும் 2,16,000 ரூபாய். தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய வண்டியை வாங்குபவர் இந்த வரியை மறுபடியும் கட்டுவதில்லை. முதல் உரிமையாளர் கட்டிவிட்டார்.

தேய்மானமும் முதல் உரிமையாளர் தலையில்தான். இன்சூரன்ஸில் ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பைக் கணக்கிட ஓர் அட்டவணை உண்டு. ஆறு மாதம் முடிந்ததும் 15 சதவீதம், ஓராண்டு முடிந்ததும் 20, இரண்டாண்டு முடிந்ததும் 30, மூன்றாண்டு முடிந்ததும் 40, நான்காண்டு முடிந்ததும் 50 சதவீதம் கழிக்கப்படும். சந்தை விலை அப்படியே இதன்படி போகாது. ஆனாலும் சரிவு எந்தப் பக்கம் செங்குத்தாக இருக்கிறது என்பது தெரியும். மூன்று நான்கு வயதான, ஒரே உரிமையாளரிடம் இருந்த பெட்ரோல் செடான்தான் என் கணக்கில் லாபகரமான வண்டி. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருக்கப் போகிறவர் புதியதை வாங்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வண்டி மாற்றும் பழக்கம் உள்ளவர் புதியது வாங்குவது வசதியைப் பொறுத்தது. அதை முதலீடு என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

புதியது வாங்குவோருக்கு இரண்டே வார்த்தை. பதிவுக்கு முன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து, சேசிஸ் எண்ணை (வண்டியின் உடலில் பொறித்த அடையாள எண்) வைத்துத் தயாரிப்பு மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஷோரூம் தரும் இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இனி பழைய வண்டி.

என் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் அதிகம் அறியாத ஒரு பாதையைச் சொல்கிறேன். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டி 'டோட்டல் லாஸ்' ஆகிறது. உரிமையாளருக்கு இழப்பீடு போய்விடும். நொறுங்கிய வண்டி சால்வேஜ் என்ற பெயரில் ஏலத்துக்கோ நேரடி விற்பனைக்கோ போகும். ஒரு வாகனம் இனி ஓட்டவே முடியாதபடி அழிந்துவிட்டால் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பல வண்டிகளின் ஆர்.சி. (பதிவுச் சான்று) உயிரோடுதான் இருக்கிறது. வாங்கியவர் மலிவான உதிரி பாகங்களைப் போட்டு, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து அதே ஆர்.சி.யுடன் சந்தைக்குக் கொண்டு வருகிறார். ஆர்.சி.யின் எந்த மூலையிலும் 'டோட்டல் லாஸ்' என்று எழுதியிருக்காது. இன்னும் கொடியது, திருட்டு வண்டிக்கு அதே மாடல், அதே நிறமுள்ள டோட்டல் லாஸ் வண்டியின் சேசிஸ் எண்ணைப் பொறித்து விற்பது. இப்படிப்பட்ட கும்பல்கள் பிடிபட்ட செய்திகள் அவ்வப்போது வருகின்றன. அதனால்தான் சேசிஸ் எண்ணை ஆர்.சி.யில் படிப்பதோடு நிறுத்தாமல், வண்டியில் பொறித்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள் என்கிறேன். சுற்றிலும் வெல்டிங் தடமோ புதிய பெயின்டோ இருந்தால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

விபத்து வரலாற்றைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. ஏனோ பலரும் பயன்படுத்துவதில்லை. நடப்பு இன்சூரன்ஸ் பாலிசியையும் அதற்கு முந்தைய பாலிசியையும் கேட்டு வாங்கி, 'நோ கிளெய்ம் போனஸ்' எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் எதுவும் இல்லாவிட்டால் அது 20, 25, 35, 45, 50 என்று ஆண்டுதோறும் ஏறும். கிளெய்ம் செய்தால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். ஐந்து வயது வண்டியின் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரிலிருந்து கொண்டு வந்ததாகவும் இருக்கலாம். போனஸைக் காக்கும் கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் கிளெய்ம் நடந்தும் அது குறையாமல் இருக்கலாம். ஆகவே இது முதல் வடிகட்டி மட்டுமே. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் பாலிசியில் ஒன்றுமே தெரியாது. அந்த வண்டியை இரட்டிப்புக் கவனத்துடன் பாருங்கள்.

அடுத்தது வண்டியின் உடம்பு. பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. தொழிற்சாலை பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு கதவில் மட்டும் 400, 500 என்று காட்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. ஒரு கதவு, ஒரு பம்பர் பெயின்ட் அடித்திருப்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். சென்னையில் ஓடும் காருக்கு அது காது குத்தியது போல. கூரையும் அதைத் தாங்கும் தூணான பில்லரும் பெயின்ட் பார்த்திருந்தால் கதை வேறு. கதவைத் திறந்து பில்லரின் ரப்பர் பீடிங்கை உரித்துப் பாருங்கள். தொழிற்சாலை ஸ்பாட் வெல்டிங் வட்ட வட்டக் குழிகளாகச் சீரான இடைவெளியில் இருக்கும். அந்தக் குழிகள் காணாமல் போயிருந்தாலோ பிசிறாக இருந்தாலோ பில்லரை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பானெட்டைத் திறந்து ஃபென்டர் போல்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கண்ணாடிகள் ஒவ்வொன்றின் மூலையிலும் தயாரிப்புக் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் காரணம் கேளுங்கள்.

ஏர்பேக் விஷயம் உயிர் விஷயம். ஏர்பேக் வெடித்த வண்டியில் புதியது போடச் செலவு அதிகம் என்பதால் மூடியை மட்டும் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைக் கழற்றிவிட்டார்கள். என்ஜின் ஸ்டார்ட் ஆகும் கணத்தில் ஆயில் விளக்கோடு சேர்ந்து அணைந்தால், இரண்டு ஒயரையும் இணைத்து ஏமாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. ஸ்கேனர் கருவியைப் பொருத்தி ஏர்பேக் மாட்யூலைப் படித்துவிட்டால் சந்தேகமே மிஞ்சாது. ஸ்லாவியாவும் விர்டஸும் வெர்னாவும் 2023இல் குளோபல் என்கேப் அமைப்பின் விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. ஆனால் அந்த நட்சத்திரங்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிக்குத்தான் பொருந்தும். வெட்டி ஒட்டிய பில்லருக்குப் பொருந்தாது.

சென்னையில் வெள்ள வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 2015 டிசம்பர், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல், அதே மாதத்தில் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கிய மழை என்று ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் நின்றன. செடான் தாழ்ந்த வண்டி. இருக்கை மட்டத்துக்கு நீர் ஏற அதிக நேரம் ஆகாது. நீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் நீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதைச் சரி செய்தாலும் ஒயரிங்கும் கன்ட்ரோல் யூனிட்டுகளும் மெல்ல மெல்ல அரித்து, ஓராண்டு கழித்து ஒவ்வொன்றாகக் கைவிடும். விற்பவர் அதற்குள் கைமாற்றிவிடுவார்.

வெள்ள வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சுருளின் உள்பகுதியைக் கழுவ யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. மண் கோடு அங்கே தங்கியிருக்கும். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளித் தண்டவாளத்தின் போல்டுகளில் துருவைத் தேடுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் சந்தேகப்படுங்கள். எட்டு வயது வண்டியில் கார்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்து, உள்ளே தூக்கலான வாசனைத் திரவியமும் அடித்தால் கூடுதல் கவனம் தேவை. ஆர்.சி. முகவரியையும் கவனியுங்கள். பள்ளிக்கரணை, முடிச்சூர், வேளச்சேரி முகவரி இருப்பதாலேயே வண்டி மூழ்கியது என்று அர்த்தமில்லை. அந்த டிசம்பரில் வண்டி எங்கே நின்றது என்று கேட்பதில் தவறும் இல்லை.

கிலோமீட்டர் மீட்டரைக் கடைசியில்தான் நம்புவேன். மீட்டரைக் குறைப்பது இன்று லேப்டாப் வைத்திருப்பவருக்குச் சில நிமிட வேலை. ஸ்டியரிங்கின் தோல், பிரேக் பெடலின் ரப்பர், ஓட்டுநர் இருக்கையின் ஓரம், டயரில் பொறித்த நான்கு இலக்கத் தேதி (வாரமும் ஆண்டும்) ஆகியவை உண்மை சொல்லும். 30,000 கி.மீ. என்று காட்டும் வண்டியில் நான்கு டயரும் மாற்றியிருந்தால் விற்பவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் உள்ள பதிவு இதைவிட வலுவான சான்று. உரிமையாளரையே உடன் அழைத்துப் போய், பாடி ஷாப் பதிவையும் சேர்த்துக் கேளுங்கள்.

எரிபொருள் பற்றிச் சுருக்கமாக: இந்த வகையில் புதிய டீசல் வண்டி இப்போது கிடையாது. பழைய டீசல் வேண்டுமென்றால் அதிக தூரம் ஓட்டுபவர் மட்டும் யோசிக்கலாம். டெல்லிப் பதிவு டீசல் கார்கள் இங்கே மலிவாக வருவதற்குக் காரணம், அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் மீதான கட்டுப்பாடுகள். என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டு வரி, மறுபதிவு என்று கூட்டினால் மலிவு கரைந்துவிடும். புதுச்சேரிப் பதிவு வண்டிக்கும் இதே கணக்குதான். ஆட்டோமேட்டிக் விரும்புவோர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உள்ள பழைய வண்டியை நெரிசலில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சூடேறிய பின்தான் அதன் குணம் தெரியும்.

பேப்பர் விஷயத்தில் புரோக்கர்கள் கேட்கும் 'ஓப்பன் ஃபார்ம்' பழக்கத்துக்கு வாங்குபவரும் விற்பவரும் இணங்கக்கூடாது. உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் பெயர் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி இரண்டு மூன்று கை மாறும். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டியை விற்று ஆண்டுகள் ஆன பிறகு தீர்ப்பாய நோட்டீஸ் வந்து திகைப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். கடன் பாக்கி, நிலுவை அபராதம், எத்தனையாவது உரிமையாளர் என்பதெல்லாம் அதே பரிவாகன் தளத்தில் தெரியும். வங்கிக் கடன் முடிந்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அதை நீக்கும் வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

பெயர் மாற்றம் முடிந்ததும் பலர் மறப்பது இன்சூரன்ஸ். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே உங்களுக்கு மாறிவிடும். சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு மாறாது. 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவருடைய போனஸ் உங்களுக்குச் சேராது என்பதால் மீதிக் காலத்துக்கான வித்தியாசத் தொகையையும் கட்ட வேண்டியிருக்கும். விற்றவர் தன் போனஸுக்கான சான்றிதழை வாங்கி வைத்தால் மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காரில் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.