இடஞ்சார் தரவு: 'எங்கே' என்பதையும் சேர்த்துச் சொல்லும் தரவு

கரையோர ஈரநிலங்களைக் காப்பது பற்றிப் பேசும்போது 'ஸ்பேஷியல் டேட்டா' என்ற சொல் அடிக்கடி வரும். தமிழில் இதை 'இடஞ்சார் தரவு' என்கிறோம். "ஓடையில் உப்பு கூடிவிட்டது" என்பது வெறும் தகவல். எந்த ஓடையில், முகத்துவாரத்திலிருந்து எத்தனை மீட்டர் உள்ளே என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு குறித்துவிட்டால் அது இடஞ்சார் தரவு.

லத்தீனில் 'ஸ்பாட்டியம்' என்றால் இடம், இடைவெளி, தொலைவு. 'டேட்டம்' என்றால் தரப்பட்டது. அதன் பன்மைதான் 'டேட்டா'. தமிழும் அதே வழியில்தான் போகிறது. வா என்பதிலிருந்து வரவு, தா என்பதிலிருந்து தரவு. கணினி வந்த பிறகு பிறந்த சொல்லும் அல்ல. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்றுதான் பெயர். 'வெளிசார் தரவு' என்று எழுதினால் விண்வெளி நினைவுக்கு வந்துவிடும். 'புவிசார் தரவு' தவறில்லை, ஆனால் அது 'ஜியோஸ்பேஷியல்' என்பதற்குத்தான் சரியாகப் பொருந்தும். என் ஓட்டு இடஞ்சார் தரவுக்கே.

'டேட்டம்' என்பதற்கு நில அளவையில் இன்னொரு பொருளும் உண்டு: உயரத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறோமோ அந்தச் சுழி, அதாவது பூஜ்ஜியம். தமிழில் 'ஆதார மட்டம்' எனலாம். ஈரநிலத்தைப் பொறுத்தவரை எல்லாமே இதில்தான் இருக்கிறது. நில வரைபடங்கள் பெரும்பாலும் சராசரிக் கடல் மட்டத்தைச் சுழியாகக் கொள்கின்றன. கப்பல் தரைதட்டக் கூடாது என்பதால் கடல் வரைபடங்கள் கடல் நீர் இறங்கி நிற்கும் தாழ்ந்த வற்று மட்டத்தைச் சுழியாக எடுக்கின்றன. உப்பங்கழியும் சேற்றுப்படுகையும் கண்டல் (மாங்குரோவ்) காடும் இருப்பது இந்த இரண்டு வரைபடங்களும் சந்திக்கிற இடத்தில். இரண்டையும் ஒரே சுழிக்கு மாற்றாமல் ஒட்டினால் உயரக் கணக்கு பிசகிவிடும். கண்டல் பெரும்பாலும் சராசரிக் கடல் மட்டத்துக்கும் மிக உயர்ந்த ஓத (கடல் நீர் ஏற்ற) மட்டத்துக்கும் இடையில்தான் வளரும். அதற்குக் கீழே, வெறும் சேற்றில் நட்ட கன்றுகள் நெடுநேரம் நீரில் மூழ்கிக் கிடந்து செத்துப்போகும். பல நாடுகளில் நடவுத் திட்டங்கள் தோற்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம், படத்தின் நுணுக்கம். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகின்றன. அவற்றின் இன்றைய படங்களில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். ஐந்து மீட்டர் அகல ஓடை அந்தப் புள்ளிக்குள் கரைந்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் புள்ளி 10 மீட்டர். ஆனால் எந்தப் படமாக இருந்தாலும் எடுத்த நேரத்தில் ஓதம் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா என்று தெரிந்தாக வேண்டும். காலையில் நீராகத் தெரிந்த சேற்றுப்படுகை மாலையில் நிலமாகத் தெரியும். ஓத நேரத்தைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு "ஈரநிலம் சுருங்கிவிட்டது" என்று சொல்வது ஆபத்து.

விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி உயரம் அளக்கும் லைடாருக்கும் ஓர் எல்லை உண்டு. உப்புச் சதுப்பில் புல் அடர்ந்திருந்தால் ஒளி தரையைத் தொடாமல் புல்லிலேயே பட்டுத் திரும்பும். தரை உண்மையில் இருப்பதைவிட மேடாகப் பதிவாகும். சில சென்டிமீட்டர் பிசகினாலே எந்தச் செடி எங்கே நிற்கும் என்பது மாறிப்போகும். அதனால்தான் நடுவதற்கு முன் ஒருவர் சேற்றில் இறங்கி, கோலை ஊன்றி, புல்லின் அடியில் தரை எங்கே இருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்.